முழு ஜீனோம் தரவைக் கையாள்வது எப்படி: ஹார்ட் டிஸ்க் வந்த நாள் முதல் ‘குப்பை டிஎன்ஏ’ கேள்வி வரை

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மாஸ்டர்ஸ், பிஎச்டி செய்ய வரும் நம் பிள்ளைகள் உயிரியலை நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். முதல் தடவை ஒரு டெராபைட் ஜீனோம் தரவு கைக்கு வரும்போதுதான் தடுமாற்றம். ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும், வரிசைதான் மாறிப்போகும்.

இது 30 எக்ஸ் ஆழத்தில் (ஒவ்வோர் இடமும் சராசரியாக 30 தடவை படிக்கப்பட்டு), 150 எழுத்து ரீட்களாக (கருவி படித்துத் தந்த டிஎன்ஏ துண்டுகளாக) வந்த மனித ஜீனோமுக்கான வழிகாட்டி. கமாண்ட் வரிகள் இதில் இல்லை. அவை அந்தந்தக் கருவியின் உதவிப் பக்கத்தில் கிடைக்கும், பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்யும். எதை, எதற்கு முன், ஏன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வழி நெடுக ஒரே விதிதான்: எதையும் ‘குப்பை’ என்று ஒதுக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். ஃபைலுக்கும் அப்படித்தான், பயனற்றது என்ற பொருளில் ‘குப்பை டிஎன்ஏ’ என்று பெயர் வாங்கிய பகுதிகளுக்கும் அப்படித்தான்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் அனுமதிக் கடிதம். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் எடுத்த சேம்பிள் என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் அமைச்சின் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். பல்கலைக்கழகம் என்றால் அதற்குரிய குழு. தரவை எங்கே வைக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று சொல்லும் வரிகளைத் தேடிப் பிடித்து அடிக்கோடிடுங்கள். வெளிநாட்டு கிளவுடில் ஏற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பேராசிரியரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

அடுத்து இடம். மனித ஜீனோம் சுமார் 310 கோடி எழுத்து. 30 எக்ஸ் என்றால் சுமார் 9,300 கோடி எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தர மதிப்பெண். சுருக்கிய ஃபாஸ்ட்கியூ ஃபைல்களாக (ரீட்களும் தர மதிப்பெண்களும் உள்ள மூல ஃபைல்கள்) இது 50 முதல் 100 ஜிபி வரை வரும். அலைன் செய்தபின் (ஒவ்வொரு ரீட்டையும் ஜீனோமில் அதன் இடத்தில் பொருத்தியபின்) வரும் பாம் ஃபைலும் ஏறக்குறைய அதே அளவு. வரிசைப்படுத்தும்போது உருவாகும் தற்காலிக ஃபைல்கள் இன்னொரு பங்கு. ஒரு சேம்பிளுக்கு 300 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி. பத்து சேம்பிளை ஒரே நேரத்தில் ஓட்ட ஆசைப்படுபவர் பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஓட்டட்டும்.

32 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் மெஷின் போதும். நாள் கூடும், அவ்வளவுதான்.

யூபிஎஸ் கட்டாயம். பிற்பகல் இடிமழை நமக்குப் புதிதல்ல. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலும் போதும், பாதியில் நின்ற பாம் ஃபைல் முழு ஃபைல் போலவே ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். பெயர் சரியாக இருக்கும், அளவும் பெரிதாக இருக்கும், கடைசிச் சில குரோமோசோம்கள் மட்டும் இருக்காது. பாம் ஃபைல்களைக் கையாளும் சாம்டூல்ஸில் உள்ள குவிக்செக் கமாண்ட் இதைச் சில நொடிகளில் சொல்லிவிடும். ஒவ்வொரு பாம் ஃபைல் முடிந்ததும் அதை ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழகுவதற்கு ஒரு சேம்பிள். நோயாளியின் தரவில் கைப்பழகாதீர்கள். பல நாட்டு மக்களின் ஜீனோமைத் தொகுத்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் ‘எஸ்டியு’ என்றொரு குழு இருக்கிறது: இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள். அவர்களின் 30 எக்ஸ் தரவு எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்தே இருக்கிறது. நம் ஆட்களின் வேரியன்ட்களை (பொது மாதிரி ஜீனோமிலிருந்து வேறுபடும் இடங்களை) பார்த்துப் பழகியதாகவும் இருக்கும்.

2. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

“இந்தக் குடும்பத்தில் மூன்று பேருக்கு இதயத் தசை தடித்திருக்கிறது, காரணமான வேரியன்ட் எது?” இப்படி ஒரு வரி போதும். அதைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள்.

கேள்வி இல்லாமல் ஆரம்பிப்பவர் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வேரியன்ட்களை எதிரே வைத்துக்கொண்டு சுவாரஸ்யமான ஒன்றைத் தேடுவார். தேடினால் கட்டாயம் கிடைக்கும். ஜீனோம் அவ்வளவு பெரியது.

எந்தத் திசு, எந்த மரபு முறை, மக்களில் எவ்வளவு அரிதான நோய் என்பதையும் அதே தாளில் குறித்து வையுங்கள். படி 9-இல் இந்த மூன்றும் இல்லாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது.

3. தரவு வந்த அன்று: சரிபார்த்து, பூட்டி, பெயரிட்டு

வரிசை இதுதான். முதலில் செக்சம், அதாவது ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண். சீக்வென்சிங் நிறுவனம் ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 எண் அனுப்பியிருக்கும். உங்கள் பக்கம் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்றே எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் நிறுவனங்கள் தங்கள் பிரதியைக் கொஞ்ச காலம்தான் வைத்திருக்கும்.

அடுத்து இரண்டாவது பிரதி, அதுவும் வேறு கட்டடத்தில். அதே மேசையில் இன்னொரு டிஸ்க் இருப்பது பேக்கப் ஆகாது. பிறகு மூல ஃபோல்டரைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டுங்கள். தவறான ஃபோல்டரில் நின்றுகொண்டு அழிக்கும் கமாண்டை அடிப்பவரை இந்தப் பூட்டுதான் காப்பாற்றும்.

இனி பெயர். மலேசியாவுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இது. அடையாள அட்டையில் இருப்பதுபோல் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) போட்டு சேம்பிள் பெயர் எழுதிவிடுவார்கள். லினக்ஸுக்கு அந்தச் சாய்கோடு ஃபோல்டரைப் பிரிக்கும் குறி. ஸ்கிரிப்ட் அப்பா பெயரில் ஒரு ஃபோல்டரைத் தேடும், கிடைக்காமல் நின்றுவிடும். எப்படியும் ஆளின் பெயர் ஃபைல் பெயரில் வரவே கூடாது. நான்கைந்து எழுத்தில் ஒரு குறியீடு கொடுங்கள். பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் வேறொரு கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டுக்குள் இருக்கட்டும்.

மைகார்டு (அடையாள அட்டை) எண்ணைக் குறியீடாக வைப்பது அதைவிட மோசம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (07 என்றால் பினாங்கு), கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். எண்ணைப் பார்த்தாலே பாதி ஆளைச் சொல்லிவிடலாம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் கவனம் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

சேம்பிள் பட்டியலை எக்செலில் வைக்காதீர்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவரின் மைகார்டு எண்ணைக் கோடில்லாமல் அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். ஜீன் பெயர்களும் தப்பாது. ‘மார்ச்1’ என்ற ஜீன் மார்ச் முதல் தேதியாக மாறிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-இல் ஜீன் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. பழைய பட்டியல்களில் இன்னும் பழைய பெயர்தான். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், டேப் பிரிப்பு. அது போதும்.

4. ரீட்களின் தரம்

ரீட்களின் தரத்தை அளக்கும் ஃபாஸ்ட்கியூசியை ஓட்டுங்கள். எழுத்துத் தரம், அடாப்டர் மிச்சம் (சீக்வென்சிங்குக்காக ஒட்டிய செயற்கைத் துண்டு), ஜிசி விகிதம் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) மூன்றையும் பாருங்கள். கியூ30 என்றால் ஆயிரத்தில் ஓர் எழுத்து தவறாக இருக்க வாய்ப்பு. பெரும்பாலான எழுத்துகள் அதற்கு மேல் இருந்தால் சரி.

சிவப்புக் குறி வந்ததும் சேம்பிளைத் தூக்கி எறிய வேண்டாம். ரீட்டின் ஓரங்களை மிதமிஞ்சி வெட்டவும் வேண்டாம். ரீட் குட்டையானால் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று சொல்வது கடினமாகிவிடும். எச்சிலிலிருந்து எடுத்த டிஎன்ஏ என்றால் வாய்ப் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கூடவே வரும். ஜிசி வரைபடத்தில் இரண்டாவது மேடு தெரிந்தால் பயப்படாமல் சேம்பிள் எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

5. ரெஃபரன்ஸை (ஒப்பிட எடுக்கும் மாதிரி ஜீனோமை) முடிவு செய்தல்

இதை அலைன் செய்வதற்கு முன் முடிவு செய்து, முழு ஃபைல் பெயரோடு எழுதி வையுங்கள். பிறகு மாற்றினால் எல்லாமே முதலிலிருந்து.

2009-இல் வந்த ஜிஆர்சிஎச்37, 2013-இல் வந்த ஜிஆர்சிஎச்38, 2022-இல் வெளியான டி2டி என்று மூன்று இருக்கின்றன. டி2டிதான் இடைவெளி இல்லாத முதல் முழு மனித ஜீனோம். முன்பு விடுபட்டிருந்த சுமார் 20 கோடி எழுத்து அதில் சேர்ந்தது. கேட்கும்போது அதைத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் நீங்கள் ஒப்பிடப்போகும் மக்கள்தொகைத் தரவு, ஜீன் பட்டியல், நோய் வேரியன்ட் தொகுப்பு எல்லாம் பெரும்பாலும் 38-இல் இருக்கின்றன. புதியவர் 38-ஐ எடுப்பதே நல்லது. சென்ட்ரோமியரையே (குரோமோசோமின் இடுப்புப் பகுதியை) ஆராய்பவருக்கு டி2டி.

இங்கே நடக்கும் பெரிய பிழை எந்த எச்சரிக்கையும் தராது. 38-இல் அலைன் செய்துவிட்டு, 37-க்கான என்ஹான்சர் (தொலைவிலிருந்தும் ஜீனை முடுக்கும் பகுதி) பட்டியலை அதன்மேல் போடுவார்கள். கருவி முனகாது. பதில் வரும், ஆனால் பல இடங்கள் ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி நிற்கும். இதைப் பிடிக்க எளிய வழி: ஃபைலின் தலைப்பகுதியில் 1-ஆம் குரோமோசோமின் நீளத்தைப் பாருங்கள். 249250621 என்றால் 37. 248956422 என்றால் 38. 248387328 என்றால் டி2டி. பெயரை நம்பாதீர்கள், நீளத்தை நம்புங்கள்.

குரோமோசோம் பெயர் ஒரு ஃபைலில் ‘1’ என்று இருக்கும், இன்னொன்றில் முன்னால் ‘சிஎச்ஆர்’ ஒட்டியிருக்கும். இரண்டையும் கலந்தால் பொருத்தம் பூஜ்யமாக வரும். பூஜ்யம் வந்தால் தப்பித்தீர்கள், உடனே தெரிந்துவிடும். பெட் ஃபைலில் (ஜீனோம் இடங்களின் பட்டியல்) எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், விசிஎஃப் ஃபைலில் (வேரியன்ட்களின் பட்டியல்) ஒன்றில் தொடங்கும். இந்த ஓர் எழுத்துத் தள்ளல்தான் லேசில் தெரியாது.

6. அலைன் செய்தல்: இங்கே எதையும் மறைக்காதீர்கள்

‘குப்பை’ என்ற சொல் வேலையைக் கெடுக்கும் முதல் இடம் இது. ரெஃபரன்ஸ் இறக்கும் பக்கத்தில் ஒரே ஜீனோம் சில வடிவங்களில் கிடைக்கும். ஒன்றில் மீள்வரும் பகுதிகள் சிறிய எழுத்தில் இருக்கும். இன்னொன்றில் அவற்றை அழித்து வெறும் ‘என்’ என்று நிரப்பியிருப்பார்கள். என்செம்பிள் தளத்தில் ‘ஆர்எம்’ என்று பெயரில் வருவது இந்த வகை. “எனக்குத்தான் ரிப்பீட் வேண்டாமே, ஃபைலும் சின்னது” என்று புதியவர் இரண்டாவதை எடுப்பார். எடுக்கக் கூடாது.

காரணம் இது. நம் ஜீனோமில் ஏறக்குறைய பாதி, பிரதி எடுத்துப் பரவிய பழைய துண்டுகள். அலு என்ற சுமார் 300 எழுத்துத் துண்டு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறது. மொத்த ஜீனோமில் பத்தில் ஒரு பங்கு அதுதான். தாமான்களில் ஒரே அச்சில் கட்டிய லிங்க் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண் மங்கியிருந்தாலும் தபால்காரர் வரிசையைப் பார்த்துக் கடிதத்தைச் சேர்த்துவிடுவார். அந்த வரிசையையே இடித்துவிட்டால் கடிதங்கள் அடுத்த தெருவில் அதே சாயல் உள்ள வீட்டு வாசலில் போய் விழும். ரீட்களுக்கும் இதே கதிதான். தவறான இடத்தில் ஒட்டி, அங்கே இல்லாத வேரியன்ட்களை உண்டாக்கும். நீங்கள் ‘பயனுள்ளது’ என்று காப்பாற்ற நினைத்த ஜீன்களுக்குள்தான் அந்தப் போலிகள் முளைக்கும்.

ஆகவே முழு ரெஃபரன்ஸில் அலைன் செய்யுங்கள், வடிகட்டுவதைப் பிறகு பார்க்கலாம். அலைன் செய்யும் கருவியான பிடபிள்யூஏ-மெம் ஒரு ரீட்டுக்குச் சமமான இரண்டு இடம் கண்டால் ஒன்றில் போட்டு, மேப்பிங் தரம் (அந்த இடம் சரி என்ற நம்பிக்கை) பூஜ்யம் என்று எழுதிவிடும். அந்தப் பூஜ்யம் ஒரு தகவல். அதை வைத்து அப்புறம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

அலைன் செய்யும்போதே ரீட் குரூப் தகவலை, அதாவது எந்த சேம்பிள், எந்த ஓட்டம் என்ற குறிப்பை, சேர்த்துவிடுங்கள். விட்டுவிட்டால் வேரியன்ட் தேடும் கருவியான ஜிஏடிகே அடுத்த படியில் மறுத்துவிடும். பிறகு வரிசைப்படுத்தி, நகல் ரீட்களை (ஒரே டிஎன்ஏ துண்டின் பிரதிகளை) குறியிடுங்கள். குறியிட்டால் போதும், நீக்க வேண்டாம்.

7. வேரியன்ட் கண்டுபிடித்தல்

ஒவ்வொரு சேம்பிளுக்கும் ஜிவிசிஎஃப் எடுத்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓட்டம். வேரியன்ட் இல்லாத இடத்தில் ‘இல்லை’ என்பதும் ‘பார்க்க முடியவில்லை’ என்பதும் ஜிவிசிஎஃபில் தனித்தனியாகத் தெரியும். குடும்ப ஆய்வில் இந்த வேறுபாடுதான் உயிர்நாடி.

ஒரு மனிதருக்கு 40 முதல் 50 லட்சம் இடங்களில் ரெஃபரன்ஸிலிருந்து வேறுபாடு இருக்கும். உங்களுக்கு 80 லட்சம் வந்தால் கொண்டாட ஒன்றுமில்லை, எங்கோ தவறு. முழு ஜீனோமில் டிரான்சிஷன்-டிரான்ஸ்வெர்ஷன் விகிதம் (ஏ-ஜி, சி-டி மாற்றங்களுக்கும் மற்ற எழுத்து மாற்றங்களுக்கும் உள்ள விகிதம்) 2.0-இலிருந்து 2.1 அளவில் இருக்க வேண்டும். கணிசமாக இறங்கினால் போலிகள் கலந்திருக்கின்றன. எக்ஸ், ஒய் குரோமோசோம்களின் ஆழத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்பதைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அப்பா, அம்மா, பிள்ளை என்றால் உறவையும் கணக்கிட்டுப் பாருங்கள். சேம்பிள் குழாய் மாறியது இங்கே தெரிந்துவிடும். உறவு பொருந்தாவிட்டால் குடும்பத்தாரிடம் வாய் திறக்க வேண்டாம்; நெறிமுறைக் குழு சொன்ன வழியில் போங்கள்.

மலேசியாவில் அடிக்கடி தேவைப்படும் ஒரு விஷயம்: பரம்பரை இரத்தசோகையான ஆல்ஃபா தலசீமியாவில் ‘தென்கிழக்காசிய நீக்கம்’ என்று விடுபட்டிருக்கும் துண்டு சுமார் 20,000 எழுத்து நீளம். சிறு வேரியன்ட் கருவி அதைப் பார்க்காது. போதாக்குறைக்கு இரண்டு ஆல்ஃபா குளோபின் ஜீன்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் அங்கே மேப்பிங் தரமும் விழும். பெரிய நீக்கங்களுக்குத் தனிக் கருவி ஓட்டுங்கள், ஆழத்தையும் கண்ணால் பாருங்கள்.

8. எந்த ஃபைலை அழிக்கலாம்

மறுபடி உருவாக்க முடிவதை அழிக்கலாம், முடியாததை வைக்க வேண்டும். நடைமுறையில் மேப் ஆகாத ரீட்கள் உட்பட எல்லா ரீட்களையும் பாமைவிடச் சுருக்கமான சிஆர்ஏஎம் வடிவில் வைத்தால் போதும், பெரும்பாலும் 15 முதல் 30 ஜிபிக்குள் அடங்கும். அதிலிருந்து ஃபாஸ்ட்கியூவை மீட்கலாம். மீட்டுப் பார்த்து ரீட் எண்ணிக்கை பொருந்திய பிறகே மூலத்தை அழிக்க வேண்டும்.

இங்கே ஒரு நிபந்தனை. சிஆர்ஏஎம் ரெஃபரன்ஸோடு உள்ள வித்தியாசத்தைத்தான் சேமிக்கிறது. எந்த ரெஃபரன்ஸில் செய்தீர்களோ அதே ஃபைல் கூடவே இருக்க வேண்டும். படி 5-இல் முழுப் பெயரை எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிவிசிஎஃப், கடைசி விசிஎஃப், ஓட்டப் பதிவுகள் இருக்கட்டும். இடைநிலை பாம்களும் தற்காலிக ஃபைல்களும் போகட்டும். எதை, என்றைக்கு, யார் அழித்தார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

9. புரதம் எழுதாத 98 சதவீதம்

இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புரதத்துக்கான எழுத்துகள் ஜீனோமில் ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம். மீதி எல்லாமே குப்பை என்று எந்த விவரமறிந்தவரும் சொல்லவில்லை. 1972-இல் அந்தச் சொல்லைப் பரப்பிய மரபியலாளர் சுசுமு ஓனோ காலத்திலேயே ஒழுங்குபடுத்தும் பகுதிகள் உண்டென்று தெரியும். சண்டை, மீதியில் எவ்வளவு பயனுள்ளது என்பதில்தான்.

2012-இல், ஜீனோமின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிடும் என்கோட் குழு ஜீனோமில் 80 சதவீதத்துக்கு உயிர்வேதிச் செயல் உண்டு என்றது. ஆர்என்ஏ படியெடுத்தாலோ ஒரு புரதம் வந்து ஒட்டினாலோ அதையும் ‘செயல்’ என்று எண்ணினார்கள். டான் கிராவர் போன்ற பரிணாம உயிரியலாளர்கள் அடுத்த ஆண்டே கடுமையாக எதிர்த்தார்கள். பரிணாமம் காப்பாற்றி வைத்திருக்கும் பகுதியை மட்டும் எண்ணிய 2014 ஆய்வு 8.2 சதவீதம் என்றது. வெங்காயத்தின் ஜீனோம் நம்முடையதைப்போல் ஐந்து மடங்கு; அத்தனை எழுத்தும் அவசியம் என்றால் வெங்காயத்துக்கு எதற்கு அவ்வளவு என்று உயிரியலாளர் ரயன் கிரெகரி கேட்டதற்கு இன்னும் நல்ல பதில் வரவில்லை. 2004-இல் எலியிலிருந்து ஜீன் இல்லாத இரண்டு பெரிய துண்டுகளை, மொத்தம் 23 லட்சம் எழுத்துக்கு மேல், வெட்டி எடுத்தபோதும் எலி நன்றாகவே இருந்தது.

என் நிலை: சான்று வரும்வரை ஓர் இடத்துக்குச் செயல் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சான்றைத் தேடாமலேயே அந்த 98 சதவீதத்தையும் வெட்டிப் போடக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க இந்த வரிசை உதவும்.

9.1 முதலில் தெரிந்த இடங்கள். பீட்டா தலசீமியாவில் மலாய்க்காரர், இந்தியர் இருவரிடமும் அடிக்கடி காணும் வேரியன்ட் ஒன்று பீட்டா குளோபின் ஜீனின் முதல் இன்ட்ரானின் (ஜீனின் நடுவே வந்து, ஆர்என்ஏவிலிருந்து வெட்டப்படும் பகுதி) ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது: ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. பல ஆய்வகங்களின் வடிகட்டி ‘எக்ஸானும் (வெட்டப்படாமல் நிற்கும் பகுதி) இருபுறமும் இரண்டு எழுத்தும்’ என்று வைத்திருக்கிறது. ஐந்தாவது எழுத்து அதில் விழாது. நோய்க்கான காரணம் ஃபைலில் இருக்கும், அறிக்கையில் இருக்காது. சீனரிடம் காணும் இன்னொன்று ஜீன் தொடங்கும் இடத்துக்கு 28 எழுத்து முன்னால், ஜீனைப் படியெடுக்கத் தொடங்க வைக்கும் புரோமோட்டரில். ஆகவே உங்கள் நோய்க்குத் தெரிந்த புரோமோட்டர், ஸ்ப்ளைஸ் ஓரம் (இன்ட்ரான் வெட்டப்படும் இடம்), என்ஹான்சர் இவற்றின் பட்டியலை வடிகட்டிக்கு முன்பே போட்டுப் பாருங்கள்.

9.2 மக்களில் எவ்வளவு பேருக்கு. இங்கே நம் ஆட்கள் தொடர்பான ஒரு பாடம் இருக்கிறது. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை ஜீனின் இன்ட்ரானில் 25 எழுத்து நீங்கியிருப்பது தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் உண்டு. 2009-இல் இது இதய நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது. ஐரோப்பியத் தரவோடு மட்டும் ஒப்பிட்டால் மிக அரிதாகத் தெரிந்து, முதல் குற்றவாளியாக மேலே வந்து நிற்கும். 2020-இல் மறு ஆய்வு செய்தபோது, தசை தடிக்கும் நோய்க்கான ஆபத்து அதே ஜீனின் வேறொரு இன்ட்ரானில் உள்ள ஓர் எழுத்து மாற்றத்தோடு போவது தெரிந்தது. இந்த நீக்கம் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதுவும் சேர்ந்தே வருகிறது. இரண்டுமே புரதம் எழுதாத இடம். ஒன்று வெறும் துணை, மற்றது காரணம்.

ஆகவே நோமாட் என்ற பன்னாட்டு வேரியன்ட் தொகுப்பில் தெற்காசியப் பிரிவைத் தனியாகப் பாருங்கள். சிங்கப்பூரின் எஸ்ஜி10கே தரவில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் இருப்பதால் மலேசிய சேம்பிளுக்கு அது இன்னும் நெருக்கம். அப்புறம், ஒரு வேரியன்ட் கிடைத்ததும் நின்றுவிடாமல் அதே துண்டில் கூடவே வருபவை எவை என்றும் பாருங்கள்.

9.3 நம்ப முடியாத இடங்கள். இப்போதுதான் மீள்வரும் பகுதிகளையும், ரீட்கள் தவறாகக் குவியும் இடங்களைச் சொல்லும் என்கோட்டின் தடைப்பட்டியலையும் கொண்டு வடிகட்ட வேண்டும். இங்கே ஒதுக்குவது ‘பயனற்றது’ என்பதால் அல்ல, குட்டை ரீட்களால் அங்கே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால். அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

9.4 பரிணாமம் காப்பாற்றியதா. பல உயிரினங்களில் ஓர் இடம் மாறாமல் இருப்பதை அளக்கும் ஃபைலோபி போன்ற மதிப்பெண்களைப் பாருங்கள். உயர்ந்த மதிப்பெண் நல்ல சாட்சி. தாழ்ந்தது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. அண்மையில் தோன்றிய என்ஹான்சர்களுக்கு நீண்ட பாரம்பரியம் இருக்காது.

9.5 சரியான செல்லில் அடையாளம் உண்டா. என்கோட் 2020-இல் தந்த பட்டியலில் ஒழுங்குபடுத்தக்கூடியவை என 9,26,535 இடங்கள் உள்ளன, ஜீனோமில் 7.9 சதவீதம். புதியவர் தன் வேரியன்ட் இதில் ஒன்றில் விழுந்ததும் துள்ளுவார். பல லட்சம் வேரியன்ட்களை வீசினால் நிறைய விழத்தான் செய்யும். படி 2-இல் எழுதிய திசுவை எடுங்கள். இதய நோய்க்கு இதயத் தசைச் செல்லில் அந்த இடம் திறந்திருக்கிறதா (புரதங்கள் வந்து ஒட்டும்படி டிஎன்ஏ தளர்ந்திருக்கிறதா) என்று பாருங்கள். கல்லீரல் செல்லில் மட்டும் திறந்திருந்தால் பட்டியலில் கீழே இறக்குங்கள். தற்செயலாக எழுதிய டிஎன்ஏவைச் செல்லுக்குள் வைத்தாலும் இதே அடையாளங்கள் ஓரளவு தோன்றும், முதலில் அதை அளந்து பாருங்கள் என்று கணினி உயிரியலாளர் ஷான் எடி சொன்னது இந்த இடத்தில் நல்ல கடிவாளம்.

9.6 எந்த ஜீன். பக்கத்து ஜீன்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கூடுதல் விரல்களுக்குக் காரணமான ஓர் என்ஹான்சர் எல்எம்பிஆர்1 ஜீனின் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. அது கட்டுப்படுத்துவதோ சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளியுள்ள சோனிக் ஹெட்ஜ்ஹாக் ஜீனை.

9.7 குடும்பமும் ஆர்என்ஏவும். நோய் உள்ளவர்களிடம் இருக்கிறதா, இல்லாதவர்களிடம் இல்லையா? ஸ்ப்ளைஸ் சந்தேகம் என்றால் ஆர்என்ஏவில் தெரிகிறதா? இவை இல்லாமல் மதிப்பெண்களை மட்டும் வைத்து ‘காரணம்’ என்று எழுதக் கூடாது. “இதய செல்லில் திறந்த பகுதியில் விழுகிறது, செயல் சோதிக்கப்படவில்லை” என்று எழுதினால் மருத்துவருக்கும் புரியும், உங்களுக்கும் பாதுகாப்பு.

10. சேம்பிள்கள் பெருகும்போது

ஐந்து சேம்பிள் வரை கையால் ஓட்டலாம். அதற்கு மேல், படிகளைத் தானாக வரிசையாக ஓட்டும் நெக்ஸ்ட்ஃப்ளோ அல்லது ஸ்னேக்மேக். வேகத்துக்காக அல்ல, நின்ற இடத்திலிருந்து தொடரவும், எந்தப் பதிப்பில் எது ஓடியது என்று பதிவாகவும்தான். புதிய பதிப்பு வந்தது என்பதற்காக நடுவில் கருவியை மாற்றினால் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையே நோயோடு தொடர்பில்லாத வேறுபாடுகள் தலைதூக்கும்.

ஆண்டுக்கொரு முறை வேரியன்ட்களின் விளக்கக் குறிப்புகளை மட்டும் புதுப்பியுங்கள். அலைன்மென்ட்டைத் தொட வேண்டாம். படி 9-இன் தரவுகள்தான் வேகமாக மாறுகின்றன. விசிஎஃபில் விளக்கக் குறிப்புகளை மறுபடி சேர்க்க ஓரிரவு போதும், முழுவதையும் மறுபடி அலைன் செய்ய வாரக்கணக்காகும்.

11. தரவை வேறு ஊருக்கு அனுப்புதல்

100 எம்பிபிஎஸ் இணைப்பில், தடங்கலே இல்லாவிட்டாலும் ஒரு டெராபைட் போய்ச் சேர 22 மணி நேரம். ஒரு டெராபைட்டுக்குள் இருந்தால் இணையத்தில் அனுப்புங்கள், பாதியில் அறுந்தால் தொடரக்கூடிய கருவியில். ஐந்தாறு டெராபைட் என்றால் டிஸ்க்கை முழுமையாகப் பூட்டி கூரியரில் போடுவதுதான் புத்திசாலித்தனம். பாஸ்வேர்டைப் பெட்டிக்குள் தாளில் எழுதி வைப்பவர்கள் உண்டு. வேண்டாம், ஃபோனில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதீர்கள்.

பெட்டி போன கையோடு இங்குள்ள இடத்தைக் காலி செய்யும் வழக்கமும் உண்டு. அங்கே வாங்கியவர் செக்சம் ஓட்டி, பொருந்திய பட்டியலைத் திருப்பி அனுப்பும்வரை இந்தப் பக்கத்துப் பிரதியைத் தொடாதீர்கள்.